சுகரும் சுகர் ஊசியும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். சுகர் மாத்திரையும் இன்சுலினும் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி மருந்தைப் பற்றியவை, மீதி அந்த மருந்தின் மேலுள்ள பயத்தைப் பற்றியவை. இன்சுலின் வந்த கதையைச் சொன்னால் அந்தப் பயம் கொஞ்சம் இறங்குகிறது. அதனால் வரலாற்றையும் வீட்டு நடைமுறையையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறேன். எத்தனை யூனிட், எந்த மாத்திரை என்பதை மட்டும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"எங்க தாத்தா காலத்துல சுகரே கெடையாது. இது புது வியாதிதானே?"

ரொம்பப் பழைய வியாதி. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தியச் சுவடி ஒன்றில், அளவுக்கு மீறிச் சிறுநீர் போவதற்கு மருந்துக் குறிப்பு இருக்கிறது. நம் நாட்டில் சரகர், சுசுருதர் பெயரில் வழங்கும் நூல்கள் இதை மதுமேகம் என்கின்றன. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கிப் பகுதியைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற மருத்துவர், சதையும் கைகாலும் கரைந்து சிறுநீராகப் போகிற நோய் என்று எழுதினார். நோய் முற்றியபின் ஆள் அதிக நாள் இருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

தாத்தாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. "கால் புண்ணு ஆறல, அப்படியே போய்ட்டாரு" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிற கதைகள் பலவற்றில் சுகர் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் பேச்சில் உண்மையும் உண்டு: இப்போது எண்ணிக்கை நிஜமாகவே கூடிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. பெரியவர்களில் தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

"அந்தக் காலத்து வைத்தியருக்கே தெரிஞ்சிருக்குன்னா, மருந்தும் இருந்திருக்குமே?"

அவர்கள் பார்த்தது வியப்பானது. ஒல்லியான இளவயதினருக்கு வருவது ஒரு வகை, உடம்பு பெருத்த நடுவயதினருக்கு வருவது இன்னொரு வகை என்று அன்றே பிரித்துவைத்தார்கள். இன்று டைப் 1, டைப் 2 என்கிறோமே, ஏறத்தாழ அதே பிரிவு. மேற்கத்திய மருத்துவத்தில் இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தின் ஹிம்ஸ்வொர்த் சோதனை செய்து காட்டியது 1936இல்தான். நம் பழைய வைத்தியர்கள் இரண்டாவது வகைக்காரர்களை நடக்கச் சொன்னார்கள், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். அது இன்றும் செல்லும் வைத்தியம்.

முதல் வகைக்கு மட்டும் யாரிடமும் மருந்து இருக்கவில்லை. உலகத்தில் எந்த ஊரிலும் 1922 வரை இருக்கவில்லை. இதை நம் வைத்தியத்துக்குக் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எல்லா வைத்தியமும் அதே இடத்தில்தான் நின்றது.

"சிறுநீர்ல இருக்கறது சர்க்கரைதான்னு யார் கண்டுபிடிச்சது?"

1674இல் லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸ், தேன் கலந்ததுபோல் இனிக்கிறது என்று எழுதினார். ருசி பார்த்துத்தான். 1776இல் லிவர்பூலின் மாத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கியது சர்க்கரை என்று காட்டினார். அவர் இன்னொன்றும் கண்டார்: நோயாளியின் ரத்தநீரும் இனித்தது. அதாவது கோளாறு கிட்னியில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது.

"கணையத்துக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?"

1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே, வேறு மாதிரியான செல்கள் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. அவை எதற்கென்று தனக்குத் தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். இன்று அவற்றுக்கு அவர் பெயர்தான்: லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்.

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். அவர்கள் ஆராய நினைத்தது கொழுப்புச் செரிமானத்தை. ஆனால் பழக்கப்படுத்திய அந்த நாய் இருந்த இடத்திலெல்லாம் சிறுநீர் கழித்தது. மின்கோவ்ஸ்கி அதைச் சோதித்துப் பார்க்க, அதில் நிறையச் சர்க்கரை இருந்தது. கணையத்திலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்பது அப்போது உறுதியானது.

அந்த 'ஏதோ ஒன்று'தான் இன்சுலின். அது இல்லாதபோது ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்கும், ஆனால் செல்களுக்குள் போகாது. வாசலில் அரிசி மூட்டை அடுக்கியிருக்க, கதவு திறக்காததால் வீட்டுக்குள் எல்லோரும் பட்டினி கிடப்பதைப் போன்ற நிலை. நன்றாகச் சாப்பிட்டும் ஆள் இளைத்துக்கொண்டே போவது அதனால்தான்.

"இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி சின்னப் பசங்களுக்கு சுகர் வந்தா என்ன பண்ணாங்க?"

பட்டினி போட்டார்கள். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு ஊசி போடத் தயங்கும் ஒவ்வொரு அப்பா அம்மாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைப் 1 வந்த குழந்தை அப்போது சில மாதங்களில், மிஞ்சிப்போனால் ஓரிரு வருடங்களில் இறந்துவிடும். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். சர்க்கரையைச் சமாளிக்க முடியாத உடம்புக்குச் சாப்பாடே கொடுக்காதே, அல்லது உயிர் ஒட்டியிருக்கிற அளவுக்கு மட்டும் கொடு. நாளுக்கு 400 கலோரிதான் தாங்கும் என்றால் அவ்வளவே. நம் சாப்பாட்டில் நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தாலே ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும், அதுதான் முழு நாளுக்கும். காய்கறியில் இருக்கும் மாவுச்சத்தும் போகட்டும் என்று மூன்று முறை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைக் கொடுத்தார்கள்.

அந்த மருத்துவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களால் கொடுக்க முடிந்தது கூடுதலாகச் சில மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருடம். அதற்குள் மருந்து வந்துவிடாதா என்று காத்திருந்தார்கள். எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமிக்கு அந்தக் காத்திருப்பு பலித்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 11 வயதில் நோய் வந்து, பட்டினி வைத்தியத்தில் மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 1922 ஆகஸ்டில், இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட கனடாவின் டொரன்டோவுக்கு வந்துசேர்ந்தபோது அவள் எடை சுமார் 20 கிலோ. வயது 15 ஆகப்போகிறது. இன்சுலின் கிடைத்தது. படித்தார், திருமணம் செய்தார், பிள்ளைகள் பெற்றார், 1981இல் 73 வயதில் காலமானார்.

"சரி, இன்சுலினை யார் கண்டுபிடிச்சாங்க?"

கனடாவின் லண்டன் நகரில் ஃபிரெடரிக் பேண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். கிளினிக் திறந்த முதல் மாத வருமானம் 4 டாலர். பிழைப்புக்குக் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தார். 1920 அக்டோபர் கடைசியில் ஒரு வகுப்புக்குத் தயார் செய்யக் கணையத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தவர், தூக்கம் வராமல் நள்ளிரவில் எழுந்து ஒரு யோசனையைக் குறித்துவைத்தார். கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிப்போகும், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மிஞ்சும், அதிலிருந்து சாறு எடுக்கலாம்.

டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாடிடம் போய்க் கேட்டார். மெக்லியாடுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடம், நாய்கள், உதவிக்குச் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவர், எல்லாம் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. கோடை வெக்கையில் நாய்கள் அடுத்தடுத்து இறந்தன. ஜூலை கடைசியில், கணையம் எடுக்கப்பட்ட நாய் ஒன்றுக்குச் சாறு ஏற்றியதும் ரத்தச் சர்க்கரை இறங்கியது.

பேண்டிங்கின் முதல் யோசனை, அந்தக் குழாயைக் கட்டுவது, கடைசியில் தேவைப்படவே இல்லை. இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கணையத்திலிருந்தே ஆல்கஹால் சேர்த்துச் சாறு எடுக்க முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் உண்மையான திருப்பம் 1921 டிசம்பரில் வருகிறது. அப்போதுதான் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் குழுவில் சேர்ந்தார். ஏன் என்பது அடுத்த பதிலில்.

"முதல் ஊசி யாருக்குப் போட்டாங்க? பலிச்சுதா?"

முதல் தடவை பலிக்கவில்லை. லியோனார்ட் தாம்சன், 14 வயது, எடை 29 கிலோ, டொரன்டோ பொது மருத்துவமனையில் நினைவு தப்பும் நிலையில் கிடந்தான். 1922 ஜனவரி 11 அன்று பேண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாற்றைப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. சாற்றில் இருந்த அழுக்கினால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த 12 நாள் காலிப் ஆய்வுக்கூடத்தை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். ஆல்கஹாலின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் வேண்டாத புரதங்கள் படிந்துவிடுகின்றன, இன்சுலின் கரைசலில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்சுலினே படிகிறது. அந்த எல்லையைப் பிடித்தார். ஜனவரி 23 அன்று அந்தச் சுத்தமான சாற்றைப் போட்டதும், ஒரே நாளில் லியோனார்டின் ரத்தச் சர்க்கரை 520இலிருந்து 120க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்து, 1935இல் நிமோனியாவில் இறந்தான்.

"நோபல் பரிசுல சண்டை வந்ததாமே?"

வந்தது. 1923இல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பேண்டிங் கொதித்தார், தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியாட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். இவர்களுக்கு வெளியேயும் ஆள் உண்டு. ருமேனியாவின் பவுலெஸ்கு 1921இலேயே கணையச் சாற்றைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டிருந்தார். ஜெர்மனியின் சூல்சர் அதற்கும் முன்பே நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்து, பக்கவிளைவுகளால் கைவிட்டிருந்தார். டொரன்டோவின் நான்கு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்று நினைக்கிறேன். பவுலெஸ்குவுக்கு உரிய மரியாதை அவர் உயிரோடிருந்தபோது கிடைக்கவில்லை.

காப்புரிமையைப் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். இதை நான் கடையில் அடிக்கடி சொல்வதுண்டு. நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாக இருப்பது பேண்டிங்கின் பிறந்தநாள் என்பதால்தான்.

"இன்சுலின் மாட்டுலேர்ந்து எடுக்கறதா, பன்னிலேர்ந்தா? எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க."

மண்ணடியிலிருந்து வரும் பாய்மார்களும் கேட்கிறார்கள், சவுகார்பேட்டையிலிருந்து வரும் சைவக் குடும்பத்தினரும் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே பதில்: இப்போது கடையில் கிடைக்கும் 'ஹியூமன் இன்சுலின்' மாட்டிலிருந்தும் வருவதில்லை, பன்றியிலிருந்தும் வருவதில்லை. பெயரைப் பார்த்து மனிதரிடமிருந்து எடுத்ததோ என்றும் பயப்பட வேண்டாம்.

முதல் 60 வருடம் விலங்குக் கணையம்தான். சுமார் 230 கிராம் இன்சுலினுக்கு இரண்டு டன் பன்றிக் கணையம் வேண்டியிருந்தது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றி இன்சுலினில் அவற்றில் ஒன்று மட்டும் வேறு, மாட்டு இன்சுலினில் மூன்று வேறு. இந்த வரிசையைக் கண்டுசொன்ன ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் கிடைத்தது. 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் குழு இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தது, அந்தக் குழுவில் எம். விஜயன் என்ற இந்திய அறிவியலாளரும் இருந்தார். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே இன்சுலின் தயாரிக்கவைத்தார்கள். 1982இல் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்று பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் தயாராகிறது, இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன.

"வடசென்னைக்கும் சுகர் வைத்தியத்துக்கும் ஏதோ பழைய தொடர்பு உண்டுன்னு சொல்றாங்களே?"

உண்டு, நாம் பெருமைப்படலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அங்கேதான் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். சுகருக்குத் தனியாக ஒரு படிப்போ துறையோ நாட்டில் யாரும் யோசிக்காத காலம். 1954இல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய எம்.வி. மருத்துவமனை, பிற்பாடு முழுக்க நீரிழிவுக்கே ஆனது. சோற்றை அடியோடு விடு என்று எல்லோரும் சொன்ன நாட்களில், நார்ச்சத்தோடு சேர்ந்த மாவுச்சத்து நம் மக்களுக்கு ஒத்துவரும் என்று ஆய்வு செய்து சொன்னவர் அவர். அவரோடு வேலை பார்த்த ஏ. ராமச்சந்திரனின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வும் நம்மூருடையதுதான்: சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் நடையாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் நீரிழிவு வரும் வாய்ப்பைக் கால்பங்குக்கு மேல் குறைக்க முடிந்தது.

"ஊசி ஆரம்பிச்சிட்டா அதான் கடைசி ஸ்டேஜ். எங்க பெரியம்மா ஊசி போட்டாங்க, ஆறு மாசத்துல காலை எடுத்துட்டாங்க."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது உண்மை. ஆனால் காலை எடுத்ததற்குக் காரணம் ஊசி இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஊசி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். மாத்திரையிலேயே பல வருடம் ஓடுகிறது, சர்க்கரை 300க்குக் கீழே வருவதில்லை. அந்த வருடங்களில் கால் நரம்பு மரத்துப்போகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, முள் குத்தினால் தெரிவதில்லை. புண் அழுகி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அங்கே முதலில் போடுவது இன்சுலின். அடுத்து கால் போகிறது. பார்ப்பவர்களுக்கு ஊசிக்குப் பிறகு கால் போனது மட்டும் நினைவில் நிற்கிறது.

இங்கிலாந்தில் 20 வருடம் நடந்து 1998இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று, டைப் 2 நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறன் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது என்று காட்டியது. அதற்குப் பிறகும் வருடா வருடம் குறைகிறது. ஆகவே சிலருக்கு ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், கிட்னி பாதிப்புகள் கால்பங்கு குறைந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது. சிலருக்குத் தற்காலிகமாக ஊசி போட்டுப் பிறகு மாத்திரைக்கே திரும்புவதும் உண்டு: ஆபரேஷன் நேரம், பிரசவ காலம், கடுமையான காய்ச்சல்.

"சுகருக்குத் தர்ற மெட்ஃபார்மின் மாத்திரை எப்போ வந்தது?"

ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடியிலிருந்து கிடைத்த துப்புதான் மூலம். லியோனார்டுக்கு ஊசி போட்ட அதே 1922இல் ரசாயனமாகத் தயாரித்தார்கள், ஆனால் 1957இல் பாரிஸின் ஜான் ஸ்டெர்ன்தான் நீரிழிவுக்குக் கொடுத்துக் காட்டினார்.

"சிவப்பு மூடி சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை, தயவுசெய்து மாற்றாதீர்கள். சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் 25 யூனிட் போய்விடும். சர்க்கரை தடாலென இறங்கி நினைவு தப்பலாம். மாற்றி இழுத்தால் 4 யூனிட்தான் போகும். புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், கண் தெரியாவிட்டால் கடையில் கேளுங்கள்.

"ஃபிரிட்ஜ் இல்ல. போட்ல போனா வர பத்து நாள் ஆகும். ஊசி மருந்து கெடாதா?"

காசிமேட்டு அண்ணன்மார் கேட்பது. திறக்காத புட்டிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் புட்டி, வெயில் படாமல் 25 டிகிரி சுற்றிலும் இருந்தால், பொதுவாக நான்கு வாரம் தாங்கும். சென்னை வெயிலுக்கு மண்பானைதான் வழி: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் புட்டி. மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். புயல், மழைக்குக் கரண்ட் போகும் நாட்களிலும் இதுவே போதும்.

படகில் மீனுக்குப் போடும் ஐஸில் மட்டும் புதைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பசி பிய்த்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கூட வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

"எட்டு வயசுப் பொண்ணுக்கு டைப் 1ன்னு சொல்றாங்க. சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ கொடுத்து ஊசிய நிறுத்திடலாமா?"

நிறுத்தக் கூடாதும்மா. உங்கள் பெண்ணின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோய்விட்டன. மூலிகையோ மாத்திரையோ இல்லாத செல்லைச் சுரக்கவைக்க முடியாது. ஊசியை நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தில் அமிலம் சேர்க்கும். அதன்பிறகு நேரம் நாள் கணக்கில்தான், சில சமயம் மணிக் கணக்கில். காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் ஊசியை முழுதாக விடக் கூடாது, எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம், கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழவாசனை, சோர்ந்து கண் சொருகுதல், இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள். போனதும், என்ன வியாதி என்று அவர்கள் கேட்கும் முன்பே, "டைப் 1 சுகர், கடைசியாக இத்தனை மணிக்கு இத்தனை யூனிட் போட்டோம்" என்று சொல்லுங்கள்.